சூப்பர்மேன் (1978): 4கே-யிலும் ஏன் மங்கலாக இருக்கிறது?

ரிச்சர்ட் டானரின் 'சூப்பர்மேன்' 4கே டிஸ்க் 2018-லேயே வந்துவிட்டது. நான் போன வாரம்தான் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் ஏமாற்றம்தான். கிரிப்டான் முழுக்கப் பனிமூட்டம். ஸ்மால்வில் வயல்வெளியில் விளிம்புகள் எல்லாம் கரைந்து கிடக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், "அப்பா, இதுதான் 4கே-யா? என் போன்லயே இதைவிட கிளியரா இருக்கும்" என்றான்.

அவன் கண்ணில் பட்டது சரிதான். ஆனால் குற்றம் டிஸ்க்கின் மேல் இல்லை. ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தார். லென்ஸுக்கு முன்னால் ஃபாக் ஃபில்டர் போட்டு வெளிச்சத்தைக் கசியவிடுவது அவர் பாணி. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யின் கத்தி மாதிரி கூரான காட்சிகளை எடுத்தவரும் இவரே. ஆகவே கூர்மை கைவராமல் நடந்ததல்ல இது. 1978 டிசம்பரில் படம் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. சுமார் ஒன்றரை மாதம் முன்பு இறந்திருந்தார். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

அப்படியானால் மென்மையாக எடுத்த படத்துக்கு 4கே எதற்கு? இங்கேதான் நாம் எல்லோரும் பிக்சலையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஃபுல் எச்டி-யில் சுமார் 20 லட்சம் பிக்சல், 4கே-யில் சுமார் 83 லட்சம். ஃபாக் ஃபில்டர் போட்ட காட்சியில் இந்த நாலு மடங்குக்குப் பெரிய வேலை கிடையாது. வேலை செய்வது பிட் கணக்கு. சாதாரண ப்ளூ-ரே 8-பிட்: ஒரு வண்ணத்துக்கு 256 படிகள். 4கே டிஸ்க் 10-பிட்: 1024 படிகள். வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்ல இறங்கும் மூட்டத்தை 256 படியில் அடைத்தால் பட்டை பட்டையாகத் தெரியும். 1024-ல் அது மூட்டமாகவே இருக்கும். கூர்மைக்காக வாங்கிய டிஸ்க், மங்கலைத்தான் சரியாகக் காட்டுகிறது.

கிரிப்டான் உடைகளைப் பாருங்கள். ஃப்ரன்ட் புரொஜெக்ஷன் திரைக்குப் பயன்படும் பொருளில் தைத்தவை. விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பொருள் அது. அதனால் கேமரா பக்கத்திலிருந்து விளக்கடித்தால் உடையே எரிகிற மாதிரி தெரியும். பழைய ப்ளூ-ரேயில் எனக்கு வெறும் வெள்ளைப் பூச்சாகத் தெரிந்த மார்லன் பிராண்டோவின் உடையில், இப்போது எச்டிஆர்-இல் மடிப்புகள் தெரிகின்றன.

பாதகமும் உண்டு. ஆப்டிகல் பிரிண்டரில் இரண்டு மூன்று படத்துண்டுகளை ஒன்றாக்கும்போது ஒவ்வொரு நகலிலும் கிரெயின், அதாவது படச்சுருளுக்கே உரிய துகள் அசைவு, கூடும். 4கே-யில் அது திடீரென்று கூடுவதை வைத்தே 'அடுத்து ட்ரிக் ஷாட்' என்று சொல்லிவிடலாம். ப்ளூ ஸ்க்ரீனில் நீல உடை மறைந்துவிடும் என்பதால் பறக்கும் காட்சிகளுக்குப் பச்சை கலந்த நீலத்தில் உடை தைத்து, பிறகு லேபில் சரிசெய்தார்கள். சில ஷாட்டுகளில் அந்தப் பச்சை எட்டிப் பார்க்கிறது.

இதையெல்லாம் துடைத்து எறியலாமே என்று தோன்றும். எனக்கு அதுதான் பயம். 2024-இல் டிஸ்க்காக வந்த ஜேம்ஸ் கேமரூனின் 'ட்ரூ லைஸ்', 'ஏலியன்ஸ்' 4கே பதிப்புகளில் மென்பொருள் வைத்துக் கிரெயினைத் துடைத்து, கூர்மை ஏற்றியதில் முகங்கள் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிட்டன என்று பலர் கடுமையாகவே விமர்சித்தார்கள். நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லணும்: இந்த வகை மென்பொருளுக்கு ஃபோகஸ் தவறிய மங்கலும் அன்ஸ்வொர்த் யோசித்து வைத்த மங்கலும் ஒன்றுதான். இரண்டையும் பிழையாக எடுத்துக்கொண்டு, இல்லாத கண் இமைகளைத் தானே வரைந்து வைக்கும். அப்புறம் நாம் பார்ப்பது 1978-இல் எடுத்த முகம் இல்லை. 'கிளியரா இல்லை' என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால், அடுத்த பதிப்பில் அப்படித்தான் செய்து தருவார்கள்.

கடைசியில் என் வாதத்துக்கு உதவியது ஒரு ட்ரிக்கும் இல்லாத காட்சி. லோயிஸின் வீட்டில் கிளார்க் கண்ணாடியைக் கழற்றுகிறான். முதுகு நிமிர்கிறது, தோள் அகல்கிறது, குரல் இறங்குகிறது. உண்மையைச் சொல்லப் போகிறான். சட்டென்று தைரியம் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய கிளார்க்காகக் கூனிவிடுகிறான். வெட்டே இல்லை, கிறிஸ்டோபர் ரீவின் உடம்பு மட்டும்தான். ஒரு நொடிக்குள் அந்த முகத்தில் வந்து போகும் தயக்கம் இந்தப் பதிப்பில் முழுசாகத் தெரிகிறது. அதைத் துடைக்காமல் விட்டதற்கே இந்த டிஸ்க்கை நான் பாராட்டுவேன்.

பையன் அந்த இடத்தை இரண்டு தடவை திருப்பிப் போடச் சொன்னான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: முதலில் டிவியில் நாய்ஸ் ரிடக்ஷன், மோஷன் ஸ்மூத்திங் இரண்டையும் அணைத்துவிடுங்கள். நான் பாதிப் படம் போன பிறகுதான் அணைத்தேன். பையனின் புகாரில் ஒரு பங்கு அதனால் வந்ததுதான்.