வார்த்தைக்கு எவ்வளவு?

நுட் ஹாம்சனின் 'நிலவளம்' நாவலை நான் முதலில் வாசித்தது பூதலூரில், சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு புரட்டாசி மாதத்தில். நார்வேயின் காட்டுப் பகுதிக்குத் தனியாக நடந்துபோய், நிலம் திருத்தி, வீடு கட்டி, விதைக்கிற ஈசாக்கின் கதை. தமிழில் தந்தவர் க.நா.சு. வெளியே வயலில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி வந்திருந்த நடவு ஆட்கள். வீட்டுக்குள் லேப்டாப் முன்னால், வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசி மருந்துச் சீட்டையும் வங்கிப் படிவத்தையும் தமிழாக்கிக்கொண்டிருந்த நான்.

அந்த நாவலின் தலைப்பிலிருந்தே தொடங்கலாம். 1917இல் வந்த மூலத்தின் பெயர் 'மார்க்கென்ஸ் குரோடெ'. 'குரோடெ' என்பதற்கு நம்ம ஊர்ச் சொல் தேடினால் வெள்ளாமை, விளைச்சல் என்றுதான் வரும். 1920இல் வந்த வொர்ஸ்டரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது 'குரோத்' ஆனது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தபோது 'வளம்' ஆனது. நல்ல தலைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் டெல்டாக்காரர்களுக்கு வித்தியாசம் சட்டென்று உறைக்கும். வளம் மண்ணில் இருப்பது. வெள்ளாமை ஆள் இறங்கி எடுப்பது. மொழி மாறியதில், சேற்றில் நின்ற ஆள் தலைப்பிலிருந்து நழுவிவிட்டார்.

மொழிபெயர்ப்பைப் பற்றிய நம் விமர்சனத்திலும் இதேதான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சரளமா, மூலத்துக்கு விசுவாசமா, மொழிவளம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறோம். அந்த ஆளுக்கு எத்தனை மாதம் கிடைத்தது, அந்த மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்பதில்லை. கேட்டால் அது வம்பு, இலக்கியம் இல்லை என்கிறோம். நான் அதை விமர்சனக் கேள்வி என்றே நினைக்கிறேன்.

நம் பக்கத்து ஆட்களையே எடுத்துக்கொள்வோம். வலங்கைமானில் பிறந்த க.நா.சு.வும் தேவங்குடியில் பிறந்த தி.ஜானகிராமனும் ஒரே ஸ்வீடிஷ் எழுத்தாளரைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள். பேர் லாகர்குவிஸ்டின் 'பரபாஸ்' க.நா.சு. கையில் 'அன்பு வழி' ஆனது. 'குள்ளன்' தி.ஜா. செய்தது. தி.ஜா.வுக்கு வானொலியில் மாதச் சம்பளம். திங்களூர்க்காரரான தி.ஜ.ர.வுக்கு 'மஞ்சரி' ஆசிரியர் நாற்காலி இருந்தது. ஜிம் கார்பெட்டை 'குமாயுன் புலிகள்' ஆக்கியவர் அவர். க.நா.சு.வுக்கு அப்படி எதுவும் நிலையாக இல்லை. எழுதினால்தான் சாப்பாடு. சூறாவளி, சந்திரோதயம், இலக்கிய வட்டம் என்று நடத்திய பத்திரிகைகளும் நிலைக்கவில்லை. கும்பகோணத்தில் எம்.வி.வெங்கட்ராமும் பிழைப்புக்காக வாழ்க்கை வரலாறுகளையும் மொழிபெயர்ப்புகளையும் எழுதிக் குவித்தார்.

க.நா.சு.வின் மொழிபெயர்ப்பு நடை தட்டையானது, அவசரமானது என்று சொல்பவர்கள் உண்டு. சில இடங்களில் எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. அதைத் திறமைக் குறைவு என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால் பாதிதான் சொன்னதாக ஆகும். இரண்டாம் முறை திருத்தி எழுத ஒரு மாதம் வேண்டும். அந்த மாதத்துக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும்.

காசு கொடுத்த இடமும் தமிழில் ஒன்று இருந்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம். பூ.சோமசுந்தரமும் ரா.கிருஷ்ணையாவும் அங்கேயே தங்கி, சம்பளத்துக்கு மொழிபெயர்த்தார்கள். 'உண்மை மனிதனின் கதை', 'புத்துயிர்ப்பு' எல்லாம் அப்படி வந்தவை. இன்றும் நாம் தேடித்தேடி வாங்கும் அந்தப் புத்தகங்களின் நிதானம் தனிமனிதத் திறமை மட்டுமல்ல, விலை கொடுத்து வாங்கப்பட்ட நேரமும்தான். 1991இல் சோவியத் நாடு போனது, அந்த நேரமும் போனது.

அப்படியானால் சம்பளம்தான் தீர்வா? அவ்வளவு சுலபம் இல்லை. மாஸ்கோவில் எந்தப் புத்தகம் என்பதை நிறுவனம் முடிவு செய்தது. ஹாம்சனையும் லாகர்குவிஸ்டையும் தமிழ் வாசகனுக்குத் தந்தே ஆகவேண்டும் என்று யாரும் க.நா.சு.வுக்கு உத்தரவு போடவில்லை. அது அவருடைய ரசனை, அவருடைய பிடிவாதம். சம்பளக்காரருக்கு நேரம் கிடைத்தது, தனி ஆளுக்குத் தேர்வு கிடைத்தது. இரண்டும் ஒரே கையில் சேர்வதுதான் தமிழில் அபூர்வம்.

இதை மறைப்பது 'தொண்டு' என்ற சொல். மொழிபெயர்ப்பாளரை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, தமிழ்த் தொண்டர் என்கிறோம். தொண்டுக்கு யாரும் கூலி கேட்பதில்லையே! நான் ஒருமுறை கேட்டேன். முந்நூறு பக்க நாவல். "ஒப்பந்தம் எல்லாம் எதுக்கு தம்பி, நமக்குள்ள?" என்றார் பதிப்பாளர். கடைசியில் எனக்கு வந்தது பத்துப் பிரதிகள். பெயர் அட்டையில் இல்லை, நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. தப்பு என்னுடையதும்தான். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்ப்பு தனி இலக்கியப் படைப்பு. வேலைக்காரராக இல்லாமல் சுயமாகச் செய்பவரிடம்தான் அதன் உரிமை இருக்கும். எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒழிய அது கைமாறாது. காலவரை குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். இது தெரியாமலேயே நான் நாவல் மொழிபெயர்க்க வந்தேன்.

வெளியே நிலைமை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சர்வதேச புக்கர் பரிசின் 50,000 பவுண்டு எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. 2025இல் கன்னடத்தின் பானு முஷ்தாக்கோடு தீபா பாஸ்தியும் மேடையில் நின்றார். 2023இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியில் தமிழக அரசு மொழிபெயர்ப்பு நல்கை தருகிறது. நல்ல விஷயங்கள். ஆனால் பரிசு ஒருவருக்குக் கிடைப்பது, கூலி எல்லோருக்கும் தேவைப்படுவது.

இதற்கிடையில் எந்திரமும் வந்துவிட்டது. இப்போது எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி, அது மொழிபெயர்த்ததைத் திருத்துவதுதான். ரேட் பாதி. அறுப்பு மிஷின் வந்தபிறகு எங்கள் ஊரில் நடந்தது நினைவுக்கு வருகிறது. மிஷின் திரும்ப முடியாத வயல் மூலையில் நிற்கும் கதிரை அறுக்க மட்டும் ஆள் கூப்பிடுவார்கள். "மூலைதான் கஷ்டம், அதுக்குத்தான் கூலி கம்மி" என்று ஒரு அக்கா சொன்னார். எந்திரம் விட்டுவைக்கும் இடங்களும் அப்படித்தான். கிண்டல், மரியாதை, வட்டார வழக்கு, ஒரு பாத்திரம் 'நீ'யிலிருந்து 'நீங்க'வுக்கு மாறுகிற கணம். இலக்கியம் முழுக்க மூலைகள்தான்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் பற்றி எழுதும்போது, மொழிபெயர்ப்பாளர் பெயரை முதல் பத்தியிலேயே போடுங்கள். எந்த மொழி வழியாக வந்தது என்று சொல்லுங்கள். நடை கெட்டிருந்தால் தயங்காமல் கெட்டிருக்கிறது என்று எழுதுங்கள். தொண்டு என்று மன்னித்துவிட வேண்டாம். வேலையை வேலையாகப் பார்த்துக் குறை சொல்பவரிடம்தான் அந்த வேலைக்கான கூலியைப் பற்றியும் பேச முடியும்.