விலையில்லாததும் கட்டற்றதும்: எழுத்துக் கருவியின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

‘இலவசம்’ என்ற சொல் தமிழ்நாட்டு அரசியல் சொல்லாடலில் பட்ட பாட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2006 தேர்தலையொட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது அது ‘இலவசம்’. 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தபோது அது ‘விலையில்லா’ என்று பெயர் மாறியது. முதல் சொல்லை வைத்து நடுத்தர வர்க்கம் ஏழைகளை ஏளனம் செய்தது. இரண்டாவதை வைத்து அரசு அந்த ஏளனத்தைத் துடைக்கப் பார்த்தது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பேசியது விலையைப் பற்றி மட்டுமே. கையில் வாங்கிய பொருளின் மீது வாங்கியவருக்கு என்ன அதிகாரம் உண்டு என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அவர்களைக் கம்ப்யூட்டர் பைத்தியங்கள் என்று நாம் ஒதுக்கி வைத்தோம்.

ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தான் பேசுவது விடுதலையைப் பற்றி என்று வாழ்நாள் முழுக்க விளக்க வேண்டியதாயிற்று. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. இலவசம் வேறு, விடுதலை வேறு. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று நம் ஆட்கள் அழகாகவே பெயர் வைத்தார்கள். அந்தக் கட்டு எது? நான்கு உரிமைகள் மறுக்கப்படுவதுதான்: விரும்பிய வேலைக்கு மென்பொருளை இயக்குவது, அதன் மூல நிரலைப் படித்துத் தேவைக்கேற்ப மாற்றுவது, படியெடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது, மாற்றியதையும் கொடுப்பது. 1998இல் ‘திறந்த மூலம்’ என்ற இன்னொரு பெயரைக் கிளப்பினார்கள். வியாபாரிகள் மிரளாமல் இருக்க விடுதலையை உருவிவிட்டுத் திறப்பை மட்டும் வைத்துக்கொண்ட பெயர் அது. பெயரிடுதலின் அரசியலைப் பற்றி இத்தனை எழுதியிருக்கிற நமக்கு இது புரியாத விஷயமல்ல.

2

‘அட, வேலை நடந்தா சரி, உள்ள எது இருந்தா என்ன?’ இப்படிக் கேட்பவர்களில் பிரதியைப் பற்றியும் ஆசிரியனின் மரணத்தைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியவர்களும் உண்டு. கருவி எழுத்துக்கு வெளியே கிடக்கிறது என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. தமிழ் எழுத்தின் வரலாறு இந்த நம்பிக்கைக்கு இடம் தராது.

1935இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். ணா, றா, னா, ணை, லை போன்றவற்றின் பழைய வடிவங்களைத் தூக்கிவிட்டு மற்ற எழுத்துகளின் வரிசையிலேயே இவற்றையும் அச்சிட்டார். எந்தப் பண்டிதர் சபையிடமும் அனுமதி கேட்கவில்லை. எம்.ஜி.ஆர். அரசு ஆணையிட்டு ஏற்றுக்கொண்டது 1978இல். இடையே 43 ஆண்டுகள். இதில் பெரியாரின் துணிச்சலைப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். இன்னொன்றையும் சேர்த்துப் பேச வேண்டும்: பத்திரிகையும் அச்சகமும் இயக்கத்தின் கையில் இருந்தன. ஈய எழுத்துகள் கண்ணுக்குத் தெரிந்தன. எதை எடுப்பது, எதைச் சேர்ப்பது என்பதை அச்சுக் கோப்பவரோடு உட்கார்ந்து முடிவு செய்ய முடிந்தது. அதாவது கருவி திறந்து கிடந்தது.

இன்று ஒரு குழு உகர, ஊகார எழுத்துகளைச் சீர்திருத்திப் பார்க்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விலைக்கு வாங்கிய எழுத்துருவை அவிழ்த்து மாற்றுவதை அதன் உரிமம் பெரும்பாலும் தடை செய்திருக்கும். நோட்டோ, லோகித் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் அந்தத் தடை இல்லை. அவிழ்க்கலாம், மாற்றலாம், வேறு பெயரிட்டு ஊருக்கே கொடுக்கலாம். 1935இன் பெரியாருக்கு இருந்த உரிமை இன்று எந்தக் கருவியில் மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால் இதுதான் பதில். கட்டற்ற மென்பொருளை ‘டெக்னிக்கல் சமாச்சாரம்’ என்று தள்ளுகிறவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போக முடியாது.

3

சிறுபத்திரிகைகளின் சொந்தக் கதைக்கு வருவோம். எண்பதுகளின் இறுதியிலிருந்து அச்சுக்கோப்பு போய் டி.டி.பி. வந்தது. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தன் இஷ்டத்துக்கு அடுக்கியது. ஒருவரின் கோப்பை இன்னொருவர் திறந்தால் கந்தரகோளம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து தாம், தாப் என்ற குறியேற்றங்களை அரசு தரப்படுத்தியது. பிறகு ஒருங்குறி வந்து, 2010இல் அரசாணையும் பெற்றது. ஒருங்குறியும் ஓர் அதிகாரக் களம்தான். அங்கே வாக்குரிமை பெரும்பாலும் பணம் கட்டும் பெருநிறுவனங்களுக்கு. ஆனாலும் அதன் வரையறை வெளிப்படையாக இருக்கிறது. யாரும் படிக்கலாம், யாரும் பயன்படுத்தலாம்.

ஒருங்குறிக்கு முன்பு பேஜ்மேக்கரில் கோத்த இதழ்களின் கோப்புகள் என்ன ஆயின? பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. 2004இல் அடோபி அதன் வளர்ச்சியையே நிறுத்திக்கொண்டது. இதை நான் எழுதும் திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. மரத்தின் ஆண்டு வளையம் தெரியும், பட்டையின் வரி தெரியும், தட்டினால் கல். இரண்டு கோடி ஆண்டுகளில் ஒவ்வொரு திசுவின் இடத்தையும் சிலிக்கா பிடித்துக்கொண்டது. உரிமையாளரே கைவிட்ட வடிவத்தில் கிடக்கும் நம் பழைய கோப்புகளும் இப்படித்தான். அச்சில் உருவம் இருக்கிறது. தேட முடியாது, திருத்த முடியாது, மறுபதிப்புக்கு மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும். மரம் கல்லானதற்கு இயற்கை காரணம். நம் கோப்புகள் கல்லானதற்கு உரிமமும் மூடிய வடிவமும் காரணம்.

‘நாங்கதான் காசு குடுத்து வாங்கலையே, கிராக் பண்ணதுதானே’ என்று சிரிப்பவர்கள் உண்டு. திருட்டுப் பிரதியை ஏகாதிபத்திய எதிர்ப்பு என்றே சொல்லும் தோழர்களையும் பார்த்திருக்கிறேன். பில் கேட்ஸ் இதற்கு 1998இலேயே பதில் சொல்லிவிட்டார். சீனாவில் மென்பொருளைத் திருடுகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, திருடுவதென்றால் எங்களுடையதையே திருடட்டும், பழகிப்போவார்கள், பின்னால் வசூலித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் பேசினார். ஃபூக்கோ சொன்ன அதிகாரம் இதுதான்: தடுப்பதைவிடப் பழக்குவதில் கெட்டிக்காரத்தனம். திருட்டுப் பிரதியில் பழகிய விரல்கள் வேறு எதையும் தொட மறுக்கின்றன. வசூல் நாளும் வந்துவிட்டது. 2013 முதல் அடோபி மாத வாடகை முறைக்கு மாறியது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. 11க்கு ஏற்ற வன்பொருள் இல்லாத, நன்றாக ஓடும் கணினிகள் ஒரே நாளில் ‘பழசு’ ஆயின. அதே கணினியில் டெபியனோ மின்ட்டோ போட்டால் இன்னும் பல ஆண்டு ஓடும்.

மாற்று வழிகளின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. அலுவலகத் தொகுப்புக்கு லிப்ரே ஆபீஸ், படங்களுக்கு கிம்ப், கோட்டுருவங்களுக்கு இங்க்ஸ்கேப் போதும். பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் நெடுங்காலம் தமிழுக்கு உதவாமல் இருந்தது. கொம்பும் காலும் இடம் மாறி விழும். அரபு எழுத்துக்காக ஓமன் நாட்டு நிரலாளர்கள் அதன் உட்புறத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் இந்திய எழுத்துகளுக்கும் வழி திறந்தது. 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலைப்பதிப்பில் அது எல்லோருக்கும் கிடைத்தது. ஓமன்காரருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மூல நிரல் பூட்டப்படாமல் இருந்தது, அவ்வளவுதான்.

4

மூலத்தைப் படிக்கும் உரிமை சிலருக்கு மட்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வேதம் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்மசூத்திரம் நம்முடையது. சாதி வன்முறையையும் மென்பொருள் உரிமத்தையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம். ஆனால் அந்த வரலாறு ஒரு கேள்வியை நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது: திறந்துவிட்டோம் என்று அறிவித்தால் போதுமா?

பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்கும் திறந்து தீர்மானம் போட்டது 1923இல். மகாத் நகராட்சி அடுத்த ஆண்டு அதை ஏற்றது. ஆனால் சவுதார் குளத்தில் அவர்கள் தண்ணீர் அள்ளியது 1927 மார்ச் 20 அன்று, அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு சென்றபோதுதான். அள்ளியதற்கு அடியும் வாங்கினார்கள். ஏட்டில் திறந்த குளத்துக்கும் தாகம் தீர்க்கும் குளத்துக்கும் நடுவே ஓர் இயக்கம் தேவைப்பட்டது.

கட்டற்ற மென்பொருளின் பலவீனம் இங்கேதான். உரிமம் எல்லோரையும் ‘வா, படி, மாற்று’ என்கிறது. ஆங்கிலமும் ஓய்வு நேரமும் நல்ல கல்லூரியும் வாய்த்தவர் மட்டுமே உள்ளே போகிறார். சென்னை குரோம்பேட்டையிலும் சி-டாக்கிலும் அரசு உதவியுடன் வேலை நடந்து 2007இல் ‘பாஸ்’ லினக்ஸ் வந்தது. அதே காலத்தில் சி. உமாசங்கர் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்து அந்நிறுவனத்தின் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். 2011இன் மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸும் இரண்டுமே இருந்தன. ஆனால் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது கதவைக் காட்ட வகுப்பறையில் ஆள் இல்லை. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. ஆசிரியர்களையே பயிற்றுநராக்கி, பாடநூலையும் தேர்வையும் அதிலேயே அமைத்தார்கள். நம்மிடம் ஆணையிட்டவர் இருந்தார். அங்கே கற்பித்தவர்கள் இருந்தார்கள்.

அதனால்தான் விழுப்புரத்தில் 2013 முதல் இயங்கிவரும் க்னூ/லினக்ஸ் பயனர் குழு எனக்கு முக்கியமாகப் படுகிறது. விழுப்புரம் வட்டாரம் கல்குவாரிக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆள் அனுப்புகிற வட்டாரம். அங்கே கிராமத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, பணம் வாங்காமல், நிரலைப் படிக்கக் கற்றுத் தருகிறார்கள். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. பெங்களூரில் குடிசைப் பகுதியொன்றில் தோழர்கள் தொடங்கிய கணினி மையத்துக்கு அம்பேத்கர் பெயரை வைத்ததும் தற்செயல் அல்ல. உரிமத்தின் எழுத்தை நடைமுறையாக்குவது இவர்கள் செய்யும் வேலை. இலக்கியப் பக்கங்களில் இவர்களைப் பற்றி ஒரு வரி வந்ததில்லை என்பதும் நம் வாசிப்பின் எல்லையைக் காட்டுகிறது.

5

பொதுச்சொத்து என்ற கருத்துக்கும் இந்த வட்டாரத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. திண்டிவனத்துக்கு அருகில் உள்ள ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோதுதான், 1949இல், பாரதி படைப்புகளின் உரிமையை அரசு எடுத்துக்கொள்ளும் முடிவு வந்தது. அது வரை பாரதி பாட்டின் ஒலிப்பதிவு உரிமை ஒரு படமுதலாளியின் கையில் இருந்தது. பிறகு ஐம்பதுகளில் பாரதி எல்லோருக்கும் பொதுவானான். தமிழின் பெருமைக்குரிய முன்மாதிரி, சந்தேகமில்லை.

ஆனால் நாட்டுடைமைக்கும் காப்பிலெஃப்ட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நாட்டுடைமையான நூலை யாரும் அச்சிடலாம். ஒருவர் அதைப் பிழை திருத்தி, பாடபேதம் பார்த்து, குறிப்பெழுதிப் பதிப்பித்தால் அந்தக் குறிப்புகளின் மேல் ‘உரிமை பதிப்பாளருக்கே’ என்று பூட்டுப் போட்டுக்கொள்ளலாம். 1989இல் வந்த க்னூ பொது உரிமம் இந்தப் பூட்டைத் தடுக்கிறது: பொதுவிலிருந்து எடுத்ததை மாற்றி வெளியிட்டால், மாற்றத்தையும் அதே நிபந்தனையில் பொதுவுக்குத் திருப்பு. காப்புரிமைச் சட்டத்தைத் தூக்கி எறியாமல், அதன் தர்க்கத்தைக்கொண்டே அதைத் தலைகீழாக்குகிற பிரதி இது. கட்டுடைப்பைப் பற்றி நாம் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சட்டப் பிரதி அதைச் செய்துகாட்டியது.

இதிலும் ஓட்டை இருக்கிறது. லினக்ஸ் கருநிரலின் மேல் கட்டிய ஆண்ட்ராய்டு நம் சட்டைப் பையில் இருந்துகொண்டு நம்மையே வேவு பார்க்கிறது. பெருநிறுவனங்களின் சேவையகங்களில் ஓடுவதும் பெரும்பாலும் லினக்ஸ்தான். மென்பொருள் அவர்களிடமே ஓடுவதால் மாற்றியதை யாருக்கும் தர வேண்டியதில்லை. பொதுவில் விளைந்ததை மூலதனம் அறுவடை செய்கிறது. ஸ்டால்மனை திருவுருவாக்கவும் வேண்டியதில்லை. எப்ஸ்டீன் விவகாரத்தில் அவர் எழுதியவை கண்டனத்துக்குள்ளாகி 2019இல் தன் அமைப்பின் தலைமையை விட்டு விலகினார். 2021இல் அதன் குழுவுக்குள் திரும்பி வந்தபோது எதிர்ப்பு இன்னும் பலமாக எழுந்தது. விடுதலையைப் பேசும் இயக்கத்தில் பெண்களுக்கு என்ன இடம் என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது.

6

2025 வரவு செலவுத் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு 20 லட்சம் கருவிகள் என்று அரசு மீண்டும் அறிவித்தது. விலையைப் பற்றிய பழைய சண்டை மறுபடியும் நடக்கும். நாம் வேறு கேள்வியை வைக்க வேண்டும்: அதைத் திறந்து பார்க்கப் பிள்ளைகளுக்கு யார் கற்றுத் தரப் போகிறார்கள்?

அரசிடம் கேட்பதற்கு முன்னால் நம் வீட்டைப் பார்ப்போம். அடுத்த இதழை ஒருங்குறியில், திறந்த உரிம எழுத்துருவில், ஸ்கிரைபஸில் கோக்க எத்தனை சிறுபத்திரிகைகள் தயார்? பழைய இதழ்களின் கோப்புகளை மாற்றிப் பொதுவில் வைக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? ஒரு மாதம் சிரமமாக இருக்கும். விரல்கள் முரண்டு பிடிக்கும். அதிகாரம் நம் உடம்பில் எங்கே குடியிருக்கிறது என்பதை அந்த ஒரு மாதத்தில் எந்தக் கோட்பாட்டு நூலையும்விடத் தெளிவாகத் தெரிந்துகொள்ளலாம்.