நூறு ஏரிகளும் ஒரு குழாயும்

சேலம் மாவட்டம் சங்ககிரி வட்டத்தின் மேற்கு ஓரத்தில் காவிரி ஓடுகிறது. அதே வட்டத்து ஏரிகளோ பல ஆண்டுகளாகக் காய்ந்து கிடந்தன. இதற்குத் தீர்வாகச் சொல்லப்பட்டதுதான் மேட்டூர் - சரபங்கா நீரேற்றுத் திட்டம். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி உபரி வெளியேறும் நாட்களில் திப்பம்பட்டியில் மோட்டார் வைத்து நீரை ஏற்றி, எம்.காளிப்பட்டி ஏரி தொடங்கி, மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி வட்டங்களின் 100 ஏரிகளுக்குக் கொண்டுசேர்ப்பது இதன் நோக்கம். மதிப்பீடு 565 கோடி ரூபாய். 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். 2021 பிப்ரவரியில் முதல் கட்டம் தொடங்கியது.

தங்கள் பங்கு பறிபோகும் என்று டெல்டா விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்த அச்சம் புரிகிறது, ஆனால் கணக்கு அதற்குத் துணைநிற்கவில்லை. அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; திட்டம் கேட்பது 0.555 டி.எம்.சி. கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகும் வெள்ளத்தில் இவ்வளவு எடுத்தால் தஞ்சைக்கு நட்டமில்லை. உபரி இல்லாத நாளில் மோட்டார் ஓடக் கூடாது, அவ்வளவுதான்.

என் ஆட்சேபம் வேறு. பாசனம் பெறுவதாகச் சொல்லப்பட்ட பரப்பு 4,238 ஏக்கர். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு 13 லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. கிணறுகள் ஊறும், குடிநீர் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். சேர்த்தாலும் அது கனத்த விலைதான். அதைவிடப் பெரிய குறை, உபரி வரும் காலம். 2023-இல் பருவமழை பொய்த்தது, அணை நிரம்பவில்லை. ஏரிக்குத் தண்ணீர் மிகவும் தேவைப்படும் ஆண்டில்தான் குழாய் வறண்டிருக்கும்.

சரி, இந்த ஏரிகள் ஏன் காய்ந்தன? சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்கா ஆறு ஓமலூர், எடப்பாடி வழியாக வந்து சங்ககிரி வட்டத்தில் காவிரியோடு சேர்கிறது. ஓர் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்த நீர் அடுத்த ஏரிக்கு இறங்கும்படி முன்னோர் சங்கிலியாக அமைத்திருந்தார்கள். இன்று வரத்து வாய்க்கால்கள் ஆக்கிரமிப்பில் சுருங்கிவிட்டன; மிச்சத்தைச் சீமைக் கருவேலம் அடைத்திருக்கிறது. பூமிக்கடியிலும் ஒரு வறட்சி இருக்கிறது. இந்தியா முழுக்கப் போர்வெல் போடும் ரிக் வண்டிகள் புறப்படும் திருச்செங்கோடு பக்கத்திலேயே இருக்கிறது. இலவச மின்சாரமும் ஆழ்துளைக் கிணறுகளும் சேர்ந்து பாறை இடுக்கு நீரை உறிஞ்சிவிட்டதால், ஏரியில் விழும் மழை நிற்காமல் கீழே இறங்கிவிடுகிறது. குழாய் நீருக்கும் அதே கதிதான்.

சேலத்துக்கு இதில் முன் அனுபவமும் உண்டு. நகரின் குடிநீருக்காக 1911-இல் அமைத்த பனமரத்துப்பட்டி ஏரி 2,000 ஏக்கருக்கும் மேற்பட்டது. மேட்டூர் நீர் குழாயில் வந்தபின் அந்த ஏரியின் வரத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? கருவேலங்காடாக அது மாறியதை மாவட்டமே பார்த்தது.

நீர்நிலை அதன் சொந்த வரத்தால்தான் பிழைக்கும் என்பதை மத்திய ஆசியாவின் ஏரல் கடலும் காட்டுகிறது. பருத்திக்காக ஆமு, சிர் நதிகளைச் சோவியத் அரசு திருப்பியதால், 1960-இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டராக இருந்த கடல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியது. 2005-இல் கட்டி முடித்த கோக்-ஏரல் அணைக்குப் பின் வடபகுதியில் மட்டும் நீர் ஏறி, உப்பு குறைந்து, மீன் திரும்பியது. சிர் நதியின் சொந்த நீரை அங்கேயே தேக்கியதுதான் காரணம். வேறெங்கிருந்தோ இறைத்த நீர் அல்ல.

ஆகவே வெள்ள உபரியைப் பயன்படுத்தும் ஏற்பாடாக இந்தத் திட்டத்தை ஏற்கலாம். ஏரிகளை மீட்கும் திட்டம் என்ற பெயருக்கு அது தகுதியானதல்ல. குழாயை மேலும் நீட்டச் செலவிடும் முன், சரபங்கா முதல் ஒவ்வோர் ஏரியின் வரத்து வாய்க்காலையும் வருவாய்த் துறை நில வரைபடப்படி அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, மதகையும் கோடியையும் சீரமைக்க வேண்டும். புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்கு வரம்பும் வேண்டும். இதில் கடைசியானதுதான் கடினம். எந்தக் கட்சியும் அதைத் தொடத் துணியவில்லை.