லென்ஸ் கேஸ்: கொழும்பின் ஈரத்தில் எதை நம்பலாம்?

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளில் கொன்டாக்ட் லென்ஸ் சொலூஷன் வாங்கினால், பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கேஸும் சேர்ந்தே வரும். இரண்டு குழி, இரண்டு திருகு மூடி, இடது வலது என்று ஓர் அடையாளம். தனியாக விலை போடாததால் அதை யாரும் ஒரு பொருளாக மதிப்பதில்லை. லென்ஸை மாதம் முடிந்ததும் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட கேஸை வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் நான் பார்த்த கேஸில் மூடியின் எழுத்தே தேய்ந்து போயிருந்தது. ஆனால் இரவு முழுக்க லென்ஸ் ஊறுவது அதற்குள்தான். அதற்குள் என்ன வளர்ந்திருக்கிறதோ அதுதான் காலையில் கண்ணுக்குப் போகிறது.

அதனால் இந்த முறை விமர்சனத்துக்கு லென்ஸை விட்டுவிட்டுக் கேஸை எடுத்துக்கொண்டேன். கொழும்பில் கிடைக்கும் நான்கு வகைகளை, கடலுக்குப் பக்கத்துத் தொடர்மாடி வீடு ஒன்றில் வைத்துப் புழங்கிப் பார்த்தேன்: சாதாரணத் தட்டைக் கேஸ், பிளாட்டினம் பூசிய தட்டுள்ள உயரக் கேஸ், கண்ணாடியும் இடுக்கியும் சேர்ந்த பயணப் பெட்டி, யூ.எஸ்.பி. வயரில் ஓடும் அல்ட்ராசொனிக் பெட்டி.

எது நல்லது என்று சொல்வதற்கு முன், கேஸுக்குள் நடப்பதைச் சொல்லவேண்டும். நாள்பட்ட கேஸ் ஒன்றின் குழிக்குள் விரலை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். தண்ணீர்க் குடத்தின் அடியில் பிடிக்கும் பாசி போல ஒரு வழுவழுப்புத் தட்டுப்படும். கண்ணுக்கு அது தெரியாது, கேஸ் பளிச்சென்றே இருக்கும். பக்டீரியாக்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பசை போன்ற ஒரு போர்வையை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்தப் போர்வைக்குள் இருக்கும் கிருமியைச் சொலூஷன் இலேசில் கொல்லாது. சொலூஷன்களுக்கான சர்வதேசப் பரிசோதனைத் தரத்தில் மூன்று பக்டீரியாக்களும் இரண்டு பங்கசுகளும் உண்டு. பக்டீரியாவை ஆயிரத்தில் ஒன்றாகவும் பங்கசை பத்தில் ஒன்றாகவும் குறைத்தால் சொலூஷன் தனியே தேறிவிடும். ஆனால் அங்கே சோதிப்பது தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும் கிருமிகளை. நம் கேஸில் இருப்பவையோ சுவரில் குடியேறிவிட்டவை. லென்ஸ் அணிவோரின் கேஸ்களைச் சோதித்த ஆய்வுகள் பலவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கிருமி இருந்திருக்கிறது. அவர்களில் சொலூஷனை ஒழுங்காகப் பாவித்தவர்களும் உண்டு.

இந்த விஷயத்தில் நமக்கு நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். அங்கும் நம்மைப் போலவே வருடம் முழுக்க வெக்கை, வருடம் முழுக்க ஈரம். 2005க்கும் 2006க்கும் இடையில் லென்ஸ் அணிந்த பலருக்கு ஃபியூசாரியம் என்ற பங்கசால் கருவிழியில் புண் வந்தது. ஹொங்கொங்கிலும் அமெரிக்காவிலும் அதே கதை. அமெரிக்காவில் மட்டும் உறுதிசெய்யப்பட்ட நோயாளர் 164 பேர். அவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கருவிழி மாற்றுச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. பெரும்பாலோர் பாவித்தது போஷ் அன்ட் லோம்ப் நிறுவனத்தின் ரெனு மொய்ஸ்ச்சர்லொக் சொலூஷன். 2006 மே மாதம் அது உலகம் முழுவதும் சந்தையிலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்டது. தொழிற்சாலையிலோ திறக்காத போத்தலிலோ அந்தப் பங்கசு அகப்படவில்லை. பாவிப்பவரின் வீட்டில், ஆவியாகிச் செறிவேறிய சொலூஷனிலும், பழையதன் மேல் புதியதை ஊற்றிய கேஸிலும் அது தழைத்திருக்கலாம் என்ற முடிவுக்கே ஆய்வாளர்கள் வந்தார்கள். மறு வருடம், 2007இல், அகந்தமீபா என்ற அமீபாவால் வந்த கண்நோய் காரணமாக இன்னொரு நிறுவனத்தின் கொம்ப்ளீட் மொய்ஸ்ச்சர்பிளஸ் சொலூஷனும் திரும்பப் பெறப்பட்டது.

அந்த அமீபா குழாய்த் தண்ணீரிலும் இருக்கும். கொழும்புக்கு அம்பத்தளையிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வரும் தண்ணீர் குளோரின் போட்டுச் சுத்திகரிக்கப்பட்டதுதான், குடிக்கலாம். ஆனால் இந்த அமீபா கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளக்கூடியது, அந்த நிலையில் குளோரினுக்கு அசையாது. அதோடு நம் தொடர்மாடிகளில் தண்ணீர் முதலில் மொட்டைமாடித் தாங்கியில் தங்கித்தான் குழாய்க்கு வருகிறது. அந்தத் தாங்கியைக் கடைசியாக யார் எப்போது கழுவினார்கள் என்று உங்கள் தொடர்மாடியில் கேட்டுப் பாருங்கள். வயிற்றுக்குப் போகும் அமீபாவை வயிறு பார்த்துக்கொள்ளும். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அமீபாவைக் குணப்படுத்த மாதக்கணக்கில் மருந்து விடவேண்டி வரும். கேஸைக் குழாயடியில் கழுவும் பழக்கம் நம் வீடுகளில் சர்வசாதாரணம். கொதித்து ஆறிய தண்ணீர் என்றாலும் வேண்டாம். கேஸில் படவேண்டியது சொலூஷன் மட்டுமே.

இனிக் கேஸ்களுக்கு வருவோம்.

சாதாரணத் தட்டைக் கேஸில் ஒரு குழி 3 அல்லது 4 மில்லிலீற்றர் பிடிக்கும். இதன் பெரிய பலம், உள்ளே ஒளிந்திருக்க மூலை முடுக்கு இல்லை. காலையில் லென்ஸை எடுத்ததும் பழைய சொலூஷனைக் கொட்டி, புதிதாகக் கொஞ்சம் விட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த விரலால் குழியை ஐந்து பத்து வினாடி தேய்த்துவிடலாம். திருகு வரியிலும் விரல் போகும். பிறகு சுத்தமான டிஷ்யூவால் துடைப்பது. இந்தத் துடைப்பை எல்லாரும் தவறவிடுகிறார்கள். வழுவழுப்புப் படலம் சும்மா அலசினால் போகாது, உராய்வு பட்டால்தான் பெயரும். அவுஸ்திரேலியாவில் இதைச் சோதித்தவர்கள், தேய்த்துத் துடைத்த கேஸ்களில்தான் படலம் மிகக் குறைவாக இருந்ததாகக் கண்டார்கள்.

அதே நாட்டு ஆய்வாளர்கள் கேஸை எங்கே, எப்படிக் காயவைப்பது என்றும் பார்த்தார்கள். வாய் மேலே இருக்கக் காயவைத்தவற்றைவிட, கவிழ்த்து வைத்தவற்றில் கிருமி குறைவு. கழிவறை போன்ற ஈரமான இடத்தில் வைத்தவற்றில் அதிகம். இது கொழும்புக்காரருக்கு முக்கியம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பல வீடுகளில் குளியலறைக்கு வெளிச்சுவரே கிடையாது. சின்னக் காற்றுத் துளை ஒன்று, அதற்கு அப்பால் குழாய்கள் ஓடும் இருட்டுக் குழி. அங்கே கண்ணாடிக்குக் கீழே வைத்த கேஸ் மாலை வரை காயவில்லை. மூடியின் உட்பக்கம் தொட்டால் ஈரம். அதே கேஸை அறை மேசையில், டிஷ்யூ விரித்து, குழியும் மூடியும் தனித்தனியாகக் கவிழ்த்து வைத்தபோது மதியத்துக்குள் உலர்ந்துவிட்டது. கடல் பக்க ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள். மரீன் டிரைவ் காற்று உப்பையும் தூசியையும் கொண்டுவந்து சேர்க்கும். தென்மேல் பருவமழை பெய்யும் மே தொடங்கி செப்டெம்பர் வரை, இரண்டு கேஸை வைத்துக்கொண்டு நாள் மாறி நாள் பாவிப்பதே என் சிபாரிசு. ஒன்று நன்றாகக் காயும்வரை மற்றது வேலை செய்யும்.

உயரக் கேஸ் வேறு ரகம். இதற்கு ஊற்றுவது 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்ஸைட். லென்ஸ்கள் மூடியில் தொங்கும் இரண்டு சின்னக் கூடைகளில் இருக்க, அடியில் பிளாட்டினம் பூசிய தட்டு. மூடிய கணமே தட்டிலிருந்து நுரைக் குமிழி சரம் சரமாக எழும்பும். பெரொக்ஸைட் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிகிறது, அந்த வாயு மூடியிலுள்ள துளையால் வெளியேறுகிறது. ஆறு மணி நேரத்தில் மீதியாவது ஏறத்தாழ வெறும் உப்புநீர். கிருமி கொல்வதில் நான் பாவித்தவற்றுள் இதற்கு நிகர் இல்லை. சொலூஷனில் கலந்த இரசாயனம் ஒத்துக்கொள்ளாமல் கண் எரிகிறவர்களுக்கும் நிம்மதி, ஏனென்றால் காலையில் அதில் மருந்தே மிச்சமில்லை.

மருந்து மிச்சமில்லாததுதான் இதன் குறையும். அன்றாடம் லென்ஸ் போடாதவர் அதை இந்தக் கேஸிலேயே வாரக்கணக்கில் விட்டால், கிருமியைத் தடுக்க உள்ளே எதுவும் இல்லை. ஏழு நாளைத் தாண்டக்கூடாது. இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறவருக்கும் இது சரிவராது, பாதி பிரிந்த பெரொக்ஸைட் கண்ணைப் பொசுக்கிவிடும். தட்டைக் கேஸில் இதை ஊற்றவே கூடாது, அங்கே பிரிப்பதற்குப் பிளாட்டினம் இல்லை. பையில் சரித்து வைத்தால் துளையால் ஒழுகும், பஸ்ஸில் அலுவலகம் போகிறவர் இதைச் சுமக்க முடியாது. இன்னொன்று: தட்டு கண்ணுக்குப் புதிது போலவே இருந்தாலும் நாளடைவில் வேகம் குறையும். ஒவ்வொரு புதிய பெட்டியிலும் புதிய கேஸ் வருவது அதற்காகத்தான். பழையதை எறியவேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், அல்லது இரண்டு பேர் இருவேறு சொலூஷன் பாவித்தால், போத்தல் மாறிப்போகும் ஆபத்தை நினைத்து நான் இதை வாங்கச் சொல்லமாட்டேன்.

பயணப் பெட்டி புறக்கோட்டை பான்சிக் கடைகளில் கரடி முகம், பழ வடிவம் என்று குவிந்து கிடக்கிறது. கேஸ் பரவாயில்லை. அதோடு வரும் சின்னப் போத்தல்தான் ஆபத்து. பெரிய போத்தலிலிருந்து அதில் சொலூஷனை மாற்றிய உடனேயே அதன் தூய்மை போய்விட்டது. அந்தப் போத்தலை எறிந்துவிட்டு, கம்பனியே அடைத்து விற்கும் சின்னப் போத்தலை வாங்குங்கள்.

அல்ட்ராசொனிக் பெட்டி அழகாக இருக்கிறது, மெல்ல முரலுகிறது, நீல வெளிச்சம் எரிகிறது. கண் மை ஒட்டிய லென்ஸைப் போட்டுப் பார்த்தேன். மை கொஞ்சம் போனது. உள்ளங்கையில் வைத்து சொலூஷன் விட்டுத் தேய்த்தபோது முழுவதும் போனது. கிருமியைக் கொல்லும் என்பதற்கு நான் வாங்கிய பெட்டியோடு வந்த தாளில் ஓர் ஆதாரமும் இல்லை. அதைவிடக் கவலை, இதைச் சுத்தமாக்கும் வழி. உள்ளே மின்பாகங்கள் இருப்பதால் தாராளமாக அலசவோ கவிழ்த்துக் காயவைக்கவோ முடியாது. குழிக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடுக்கு, அதில் டிஷ்யூ நுழையாது. மூன்று மாதத்தில் எறியவேண்டிய ஒரு பொருளின் வேலையை, விலை கொடுத்ததால் எறிய மனம் வராத ஒரு பொருளிடம் கொடுக்கிறோம். வேண்டாம்.

கல்யாண லென்ஸ் பற்றியும் சொல்லவேண்டும். மணப்பெண்ணுக்கும் தோழிக்கும் அரங்கேற்றப் பிள்ளைக்கும் வண்ண லென்ஸ் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் போட்டு, அடுத்த விசேஷம் வரும்வரை அதே சொலூஷனில் மாதக்கணக்கில் அலுமாரிக்குள். சில சொலூஷன்கள் மூடிய கேஸில் 30 நாள் வரை தாங்கும், சில 7 நாள்தான். போத்தலோடு வரும் தாளில் எழுதியிருக்கும். அந்த நாள் கடந்த லென்ஸை, விலை எவ்வளவானாலும், கண்ணில் வைக்கவேண்டாம். தங்கைக்கு, மச்சாளுக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் வேண்டாம். வருடத்தில் இரண்டு முறை போடுகிறவருக்கு ஒருநாள் பாவித்து எறியும் லென்ஸே சரி. அதற்குக் கேஸே தேவையில்லை.

சொலூஷன் விலை தெரியாமல் நான் இதை எழுதவில்லை. 2022இல் ரூபாய் விழுந்தபின் இறக்குமதிப் பொருட்களின் விலை எங்கே போனது என்று நம் எல்லாருக்கும் தெரியும். கேஸிலுள்ள பழையதைக் கொட்ட மனமில்லாமல் மேலே நாலு சொட்டு விடுவது அன்றிலிருந்து அதிகமாகியிருக்கிறது. கேஸை நிரப்பவும் லென்ஸை அலசவும் ஒருநாளைக்குப் பத்து மில்லிலீற்றர் என்று வைத்தால் 300 மில்லிலீற்றர் போத்தல் ஒரு மாதம் வரும். அந்தச் செலவு கட்டுப்படியாகாவிட்டால், லென்ஸ் போடும் நாட்களைக் குறைத்து மற்ற நாட்களில் மூக்குக்கண்ணாடி போடுங்கள். சொலூஷனில் மிச்சம் பிடிக்காதீர்கள். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தால் உலகத்துக்கே கருவிழி அனுப்பிய நாடு இது. 1964இல் முதல் கண்கள் போனதும் சிங்கப்பூருக்குத்தான். அப்படி ஒருவர் இறந்து கொடுக்கும் கருவிழி, ஒரு கேஸைக் கழுவாததற்காகச் செலவாகக் கூடாது.

ஆக, என் தெரிவு அந்த இலவசத் தட்டைக் கேஸ்தான். புதிய போத்தல் திறக்கும்போதெல்லாம் பழைய கேஸை எறிந்துவிடுங்கள், அதிகபட்சம் மூன்று மாதம். கண் எரிச்சல்காரருக்கும் ஒழுங்காக ஆறு மணி நேரம் தூங்குகிறவருக்கும் உயரக் கேஸ். மற்ற இரண்டுக்கும் காசு செலவழிக்கவேண்டாம்.

எந்தக் கேஸ் வைத்திருந்தாலும், கண் சிவந்து வலித்தாலோ வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ அந்த நிமிடமே லென்ஸைக் கழற்றுங்கள். மருந்துக்கடையில் சொட்டுமருந்து கேட்டு நாளைக் கடத்தாமல், தேசிய கண் வைத்தியசாலைக்கோ உங்கள் கண் வைத்தியரிடமோ அன்றே போங்கள். போகும்போது லென்ஸையும் கேஸையும் கழுவாமல், எறியாமல், அப்படியே மூடிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தே வைத்தியர்கள் பரிசோதித்துக் கண்டுபிடிக்க வழியுண்டு.