ஜெனரலுக்கு அளவெடுத்த சட்டை

சார்ள் து கோல் என்பது எம்மில் பலருக்கு முதலில் ஒரு விமான நிலையத்தின் பெயர். பிறகு மெட்ரோவில் ஒரு தரிப்பிடத்தின் பெயர். அவர் ஒரு எழுத்தாளரும்கூட என்பது எமக்குத் தெரியவந்தது வெகு பிந்தித்தான். 1954, 1956, 1959 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த அவரது 'போர் நினைவுகள்' நூலை, மதியச் சாப்பாட்டு வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் நாங்கள் மூன்றுபேர் அகராதியும் கையுமாக வாசித்து முடித்தோம். ஒரு வருடம் பிடித்தது. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கோப்பை கழுவுகிறவர்களின் பிரெஞ்சு அவ்வளவுதான். ஆனால் ஆறுதலாக வாசிப்பதில் ஒரு நன்மை உண்டு. எதைச் சொல்கிறார் என்பதோடு, எதை விரைந்து தாண்டிப் போகிறார் என்பதும் கண்ணில் படும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். மனிதர் எழுதத் தெரிந்தவர். மூன்று மூன்றாக அடுக்கி நடக்கும் வசனங்கள். சேர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் ஆகியோரைப் பற்றிய சித்திரங்கள் எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படக்கூடியவை. இடையிடையே தன்னையே 'து கோல்' என்று படர்க்கையில் வைத்து எழுதுகிறார். தொடக்கத்தில் இது எமக்கு எரிச்சலூட்டியது. போகப்போக விளங்கியது: அந்தப் பெயர்தான் அவர் படைத்த முதன்மைப் பாத்திரம்.

போர்த் தளபதி என்கிறோமே, அவர் களத்தில் படை நடத்திய காலம் மிகக் குறுகியது. முதலாம் உலகப் போரில் 1916இல் வெர்டனில் பிடிபட்டு, போர் முடியும்வரை ஜெர்மனியில் கைதியாக இருந்தார். 1940 மே மாதத்தில் மொன்கோர்னேயிலும் பின்னர் அபவீலிலும் டாங்கிப் படையோடு சில நாட்கள். ஜூன் 17ஆம் திகதி லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார். மறுநாள் பி.பி.சி. வானொலியில் அந்தப் புகழ்பெற்ற அழைப்பு. அப்போது அவருக்கு இருந்தது தற்காலிகப் பிரிகேடியர் பதவி ஒன்றுதான். ஆகஸ்டில் விஷி அரசின் இராணுவ நீதிமன்றம் அவர் இல்லாமலேயே அவருக்கு மரணதண்டனை விதித்தது. நிலமில்லை, பணமில்லை. இருந்தது ஒலிவாங்கியும் பிரெஞ்சு மொழியும். யார் எம்மை அங்கீகரிப்பார்கள், எந்த அலுவலகத்தின் வாசலில் எத்தனை நாள் நிற்பது, உதவி செய்கிறவனிடமே எப்படிச் சண்டை பிடிப்பது என்பதெல்லாம் நிரம்பிய அந்த லண்டன் அத்தியாயங்களை ஒரு அகதி ஒரே மூச்சில் வாசித்துவிடுவான். அமெரிக்கா அவரது அரசை அங்கீகரித்தது 1944 ஒக்டோபரில்தான், பாரிஸ் விடுபட்டு இரண்டு மாதம் கழித்து!

எங்கள் கேள்விகள் இதற்குப் பிறகு தொடங்குகின்றன.

1944 ஆகஸ்ட் 25 மாலை பாரிஸ் நகரமண்டபத்தில் அவர் பேசினார். பாரிஸ் தன்னைத் தானே விடுவித்துக்கொண்டது என்பது அந்தப் பேச்சின் சாரம். ஆனால் முதல் நாள் இரவு அதே நகரமண்டபத்தின் முன்னால் வந்து நின்ற லெக்லேர்க்கின் ஒன்பதாவது கொம்பனியில் பெரும்பாலானோர் ஸ்பானிய குடியரசுவாதிகள். தமது வண்டிகளுக்கு தெருவேல், குவாதலஹாரா என்று தாம் தோற்ற போரின் களங்களைப் பெயராக வைத்திருந்தவர்கள். 1939இல் பிராங்கோவிடம் தோற்று எல்லை தாண்டி வந்த ஸ்பானியர்களை பிரான்ஸ் முட்கம்பி முகாம்களில் அடைத்து வைத்தது. பாரிசுக்குள் முதலில் நுழைந்தவர்கள் அகதிகள். பேச்சில் அவர்கள் இல்லை.

ஆபிரிக்கப் படையினரின் கதை இன்னும் மோசம். இத்தாலியிலும் தெற்குப் பிரான்சிலும் இரத்தம் சிந்திய கறுப்பினப் படையினர் பல்லாயிரவர் 1944 இலையுதிர்காலத்தில் முன்னணியிலிருந்து விலக்கப்பட்டனர். குளிர் தாங்கமாட்டார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அவர்களது இடத்துக்கு உள்ளூர் எதிர்ப்பியக்க இளைஞர்கள் வந்தார்கள். 'வெள்ளையாக்கல்' என்றே வரலாற்றாசிரியர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதே வருடம் டிசம்பர் 1ஆம் திகதி, ஜெர்மனியரிடம் கைதிகளாக இருந்து மீண்ட ஆபிரிக்கச் சிப்பாய்கள் டக்கார் அருகே தியாரோய் முகாமில் தமது சம்பளப் பாக்கியைக் கேட்டதற்காகச் சுடப்பட்டார்கள். அப்போது அரசின் தலைவர் து கோல். உத்தியோகபூர்வக் கணக்கு 35 பேர். உண்மைத் தொகை அதைவிடக் கூட என்று பல ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். பிரான்சின் ஜனாதிபதி இதைப் படுகொலை என்று ஏற்றுக்கொண்டது 2024இல். எங்கள் குசினியில் வேலைசெய்யும் மாலி நாட்டு நண்பருக்கு தியாரோய் என்ற பெயர் சிறுவயதிலிருந்தே தெரியும். பக்கத்தில் நின்று தட்டு ஏந்தும் பிரெஞ்சுப் பையனுக்கு நாங்கள்தான் சொன்னோம்.

அல்ஜீரியாவில் செத்தீவ் பகுதியில் 1945 மே 8, ஐரோப்பா வெற்றியைக் கொண்டாடிய அதே நாளில், தொடங்கிய கொலைகளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 'போர் நினைவுகள்' மூன்றாம் பாகத்தில் இதற்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு வசனம். இறந்தவர்கள் அதில் இல்லை. சேர்ச்சிலின் முகபாவத்துக்குப் பந்தி பந்தியாக இடம் கொடுத்த அதே பேனா! ஒரு நூலை மதிப்பிடும்போது இதையும் நடையழகோடு சேர்த்துத்தான் எண்ணவேண்டும். செதுக்கிய வசனம் எல்லாவற்றையும் செதுக்குவதில்லை. வேண்டாததைச் சீவித் தள்ளவும் அதே உளிதான்.

(புதுச்சேரியையும் ஒரு வரியில் சொல்லவேண்டும். ஆளுநர் பொன்வேன் 1940 செப்டம்பரில் து கோல் பக்கம் சேர்ந்தார். அங்கிருந்து தமிழர்களும் சுதந்திர பிரான்சின் படைக்குப் போனார்கள். 1954இல் நடைமுறையில் இந்தியாவிடம் கைமாறிய அந்த மண், சட்டப்படி கைமாறியது 1962இல், து கோல் ஜனாதிபதியாக இருந்தபோது.)

1958இல் அல்ஜீரியப் போர் நான்காவது குடியரசைக் கவிழ்க்க, ஜெனரல் திரும்பி வந்தார். ஜூன் 4ஆம் திகதி அல்ஜியர்ஸ் நகரில் கூட்டத்தைப் பார்த்து 'உங்களை விளங்கிக்கொண்டேன்' என்றார். யாரை விளங்கிக்கொண்டார் என்பதை ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டார்கள். 1962இல் சுதந்திரம் கொடுத்தார், அதற்கு வேண்டிய துணிவை மறுக்கமுடியாது. ஆனால் அதற்கு முந்திய வருடம் ஒக்டோபர் 17ஆம் திகதி, ஊரடங்கை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களை பாபோனின் பொலிஸ் அடித்துக் கொன்று செய்ன் நதியில் எறிந்தது. பாபோன் தன் பதவியில் தொடர்ந்தார். பிரான்சுக்காகச் சண்டையிட்ட அல்ஜீரிய 'ஹார்க்கி'களோ ஆயுதம் களையப்பட்டுக் கைவிடப்பட்டார்கள். தப்பி வந்தவர்களில் பலர் அடைக்கப்பட்டது ரிவ்சால்ட் முகாமில், முன்பு ஸ்பானிய அகதிகளை வைத்திருந்த அதே இடம். 'துரோகி' என்ற சொல் எங்கள் ஊரில் என்ன வேலை பார்த்தது என்பதை அறிந்தவர்கள், ஹார்க்கிகளைப் பற்றி இரு தரப்பும் காத்த மௌனத்தை ஊன்றிக் கவனிப்பார்கள்.

இனி எமக்கு நெருக்கமான இடம். 1958 செப்டம்பர் 28இல் பிரெஞ்சுச் சனங்கள் ஏறத்தாழ 80 வீத வாக்குகளால் ஐந்தாவது குடியரசின் யாப்பை ஏற்றார்கள். பலம் வாய்ந்த ஜனாதிபதி. 16ஆம் பிரிவின்கீழ் நெருக்கடிகால அதிகாரம் முழுவதும் அவர் கையில். ஜெனரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை என்று அப்போதே சொன்னார்கள். 1964இல் 'நிரந்தரச் சதிப்புரட்சி' என்று அதைக் கிழித்து நூல் எழுதிய மித்தரான், 1981இல் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு 14 வருடம் கழற்றவில்லை என்பது வேறு கதை.

அந்தச் சட்டையின் அளவைப் பார்த்துத்தான் இலங்கையில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா 1978இல் தனக்கொன்று தைத்தார். இதைச் சொல்வது நாம் அல்ல. செல்வநாயகத்தின் மருமகனும் அரசியல் அறிஞருமான ஏ. ஜெயரட்ணம் வில்சன் 1980இல் எழுதிய நூலின் பெயரே 'ஆசியாவில் து கோலிய முறைமை'. ஆனால் துணி வெட்டும்போது சில பகுதிகள் விடுபட்டுப்போயின. து கோல் யாப்பைச் சனங்களின் வாக்குக்கு விட்டார். ஜே.ஆரோ 168 ஆசனங்களில் 140ஐக் கையில் வைத்துக்கொண்டு பாராளுமன்றத்திலேயே காரியத்தை முடித்தார். பிரான்சில் பிரதமருக்கென்று ஒரு இடம் உண்டு, எதிர்க்கட்சிக்காரர் அந்தக் கதிரையில் இருந்தால் ஜனாதிபதியின் கை கட்டப்படும். இலங்கைப் பிரதமர் வெகுகாலம் மாலை வாங்குகிற ஆளாகவே இருந்தார்.

எல்லாவற்றையும்விட, சர்வசன வாக்கெடுப்பு. 1969 ஏப்ரல் 27இல் செனற் சபையையும் பிராந்தியங்களையும் பற்றிய வாக்கெடுப்பில் து கோல் சுமார் 52 வீதத்தால் தோற்றார். நள்ளிரவு தாண்டியதும் இரண்டு வரி அறிக்கை, மறுநாள் மதியம் பதவி முடிந்தது. 1982 டிசம்பர் 22இல் ஜே.ஆர். அதே கருவியை எடுத்தது, பொதுத்தேர்தலை நடத்தாமல் பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீட்டுவதற்கு. ஏழு மாதம் கழித்து 1983 ஜூலை. 1994இல் தொடங்கி, ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று வாக்குக் கேட்டு வென்று அதிலேயே ஏறி அமர்ந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். 2010 ஜனவரியில் வேட்பாளர்களில் ஒருவர் எம்மீது போர் நடத்திய இராணுவத் தளபதி. யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அவருக்கே போட்டார்கள். அது தனியாக எழுதப்படவேண்டியது.

து கோல் பதவி விட்டபின் மறுபடி எழுதத் தொடங்கி, 'நம்பிக்கையின் நினைவுகள்' இரண்டாம் பாகத்தில் இரண்டு அத்தியாயங்களோடு 1970 நவம்பர் 9இல் கொலொம்பேயில் இறந்துபோனார். 1968 மே வரை அவர் எழுதிவரவே இல்லை. வில்சன் கனடாவில் இருந்துகொண்டு 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பு 'இலங்கையின் உடைவு'. 1980இன் நூலையும் இதையும் அருகருகே வைத்து அடுத்த கட்டுரையில் பார்ப்போம்.