ஆறு பேர், ஒரே மரம்

சிரவணபெளகொளாவுக்குப் போகும் நம் பெங்களூர்த் தமிழன்பர்கள் விந்தியகிரி ஏறிக் கோமதீசுவரரைத் தரிசித்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். கீழே ஊருக்குள் இருக்கும் சமண மடத்தின் சுவரோவியங்களுக்கும் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள் என்பேன்.

மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் (1799-1868) தசரா தர்பாரும் அங்கே உண்டு. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு மரமும் ஆறு பேரும்தான். ஆறு பேருக்கும் பசி, வேண்டியது பழம். கதைப்படி, ஒருவன் மரத்தை வேரோடு வெட்டலாம் என்கிறான். மற்றவர்கள் பெருங்கிளை, சிறுகிளை, கொத்து, பழம் என்று குறைத்துக்கொண்டே வர, ஆறாமவனுக்கு உதிர்ந்ததே போதும். எண்ணத்துக்கேற்ப உயிரில் ஏறும் இந்தச் சாயத்தைத்தான் 'இலேசியை' என்கிறோம். கருப்பு, நீலம், புறாச் சாம்பல், மஞ்சள், தாமரை நிறம், வெள்ளை என அது ஆறு வகை.

ரோமில் கரவாஜியோ 1600-இல் முடித்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தில் வரிக்காசு எண்ணும் மேசையைச் சுற்றி இருட்டு. இயேசு நிற்கும் பக்கமிருந்து ஒளி வந்து விழுகிறது. அருள் வெளியிலிருந்து வருகிறது என்பது அதன் குறிப்பு. மடத்து மரத்தடியில் அப்படி யாரும் வந்து அழைப்பதில்லை. நிறம் அவனவன் உள்ளிருந்தே ஏறணும்.

மத்தேயுவின் மனசை முகத்தில் படிக்கலாம். இங்கே முகத்தைத் தேடாதீர்கள். மரத்தில் எவன் எங்கே கை வைக்கிறான் என்பதே பாவம்.

வியாபாரமும் பழம் பறிக்கிற தொழில்தான். பசி தப்பில்லை, வேரில் கை வைப்பதுதான் தப்பு. ஆறு பேரில் ஒருவரும் துறவியில்லை. ஆனால் துறவுக்குப் போகும் வழி அந்த ஆறாமவன் குனிந்து பொறுக்கும் இடத்தில்தான் தொடங்குகிறது.