எலும்பின் சாட்சியமும் நமது அவசரமும்

ராயகிரியானாலும் பக்கத்து ஊரானாலும், அம்மன் கோவில் கொடை முடிந்த மறுநாள் காலையில் தெருவைச் சுற்றிப் பாருங்கள். எத்தனை கிடாய்கள் வெட்டப்பட்டன என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கிடக்கும் எலும்புகளைப் பொறுக்கி எண்ணினால் கணக்கு இடிக்கும். கோழி எலும்பை நாய் தின்றிருக்கும். சிறு முட்கள் மண்ணோடு மண்ணாகியிருக்கும். தாடையும் தொடை எலும்பும்தான் மிஞ்சும். ஓரிரவிலேயே இவ்வளவு மாற்றம் என்றால், எண்ணூறு ஆண்டுகளில் எவ்வளவு நேர்ந்திருக்கும்?

இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு, விலங்கு எச்சங்களைக் கொண்டு இடைக்காலத் துறவியர் மடங்களின் வாழ்க்கையை அறியும் ஆய்வுமுறையைச் சற்று எடை போட்டுப் பார்ப்போம்.

விதியும் குப்பைக்குழியும்

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த மடவிதி, நாலுகால் பிராணிகளின் இறைச்சியைத் துறவியருக்கு விலக்கியது. மிகவும் நலிந்த நோயாளிகளுக்கு மட்டுமே விலக்கு அளித்தது. ஆயினும் இங்கிலாந்து, ஃபிளாண்டர்ஸ் முதலிய இடங்களில் மடங்களின் குப்பைக்குழிகளைத் தோண்டியபோது, மீன் முட்களுடன் மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் எலும்புகளும் வெளிவந்தன. ‘துறவியர் விதியை மீறினர்’ என்று உடனே தீர்ப்பு எழுதிவிடத் தோன்றுகிறது அல்லவா?

இத்தீர்ப்பை அப்படியே ஏற்பதற்கில்லை. முதலாவது, மடத்தில் துறவியர் மட்டும் வாழவில்லை. வேலையாட்கள், விருந்தினர், நோயாளிகள் எனப் பலரும் உண்டனர். எல்லோர் மிச்சமும் ஒரே குழியில் விழக்கூடும். இரண்டாவது, விதியே மாறியது. 1336ஆம் ஆண்டில் போப் பன்னிரண்டாம் பெனடிக்ட், குறிப்பிட்ட நாட்களில், பொது உணவுக்கூடத்திற்கு வெளியே இறைச்சி உண்ணத் துறவியருக்கு அனுமதி அளித்தார். ஆகவே அதற்கு முந்திய குழியையும் பிந்திய குழியையும் ஒன்றாகக் கொட்டி எண்ணுவது பிழை. மூன்றாவது, தோண்டும் முறை. கையால் பொறுக்கினால் மாட்டெலும்பு அகப்படும், மீன் முள் தப்பிவிடும். மண்ணை நீரில் அலசி நுண்ணிய சல்லடையில் வடித்தால்தான் முட்கள் கிடைக்கும். சல்லடை பிடிக்காதவரின் அறிக்கையில் துறவியர் பெரும் இறைச்சிப் பிரியர்களாகத் தோன்றுவதில் வியப்பென்ன?

பிற சாட்சிகள்

பார்பரா ஹார்வி 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் கணக்கேடுகளை ஆராய்ந்தது. நோன்பில்லாக் காலங்களில் ஒரு துறவிக்கு ஒதுக்கிய உணவு நாளொன்றுக்குச் சுமார் 6,200 கலோரி என்று அவர் கணக்கிட்டார். இது முழுவதும் உண்ணப்பட்டதன்று, ஒரு பகுதி மிஞ்சிப் பிறருக்குப் போயிற்று என்பதையும் அவரே எடுத்துக்காட்டினார். நூலின் சிறப்பு இந்த நிதானத்தில் இருக்கிறது. ஆனால் வெஸ்ட்மின்ஸ்டர் செல்வம் கொழித்த மடம். அதன் அளவுகோலை எல்லா மடங்களுக்கும் வைத்துவிடக் கூடாது.

மனித எலும்பும் பேசுகிறது. லண்டனை அடுத்த மெர்ட்டன் மடத்தில் புதைக்கப்பட்டோரின் முதுகெலும்புகள் சில, உருகிய மெழுகு வழிந்து உறைந்ததுபோல் ஒன்றோடொன்று இணைந்திருப்பதை வால்ட்ரன் என்ற அறிஞர் 1985இல் எடுத்துக்காட்டினார். உடற்பருமனோடும் நீரிழிவோடும் தொடர்புள்ள நிலை இது. எனினும், செல்வந்தரும் மடங்களில் இடம் பெற்றுப் புதைக்கப்பட்டனர் என்பதை மறக்கலாகாது.

எலும்பிலுள்ள நைட்ரஜன் ஐசோடோப்பு, கடல்மீன் மிகுதியாக உண்டவரைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஆட்டிறைச்சி உண்டவரையும் ஆட்டுப்பால் பருகியவரையும் அதனால் பிரித்துச் சொல்ல இயலாது. இவ்வாறு ஒவ்வொரு சாட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒன்றை மற்றொன்றால் சரிபார்ப்பதே ஆய்வு.

நம் பக்கத்தில்

ராயகிரியிலிருந்து சங்கரன்கோவில் வந்து, அங்கிருந்து கிழக்கே சென்றால் கழுகுமலை. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சமணத் துறவியர் செழித்திருந்த இடம். பாறைச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் அதற்குச் சான்று. சமணர் கொல்லாமையை உயிராகக் கொண்டவர்கள். நாளை அம்மலையடியில் ஓர் ஆட்டெலும்பு கிடைத்தால், ‘சமணர் புலால் உண்டனர்’ என்று கூறலாமா? கூடாது. அது எக்காலத்தது, யார் எறிந்தது என்று முதலில் நிறுவ வேண்டும். எலும்பே கிடைக்காவிட்டால் அது அவர்களது நோன்புக்குச் சான்றாகுமா? அதுவும் ஆகாது. வெறும் பாறையில் எதுவும் தங்காது. அமிலத்தன்மையுள்ள மண் எலும்பை அரித்துவிடும். சுண்ணாம்புச் சத்துள்ள கரிசல் ஓரளவு காக்கும். ஆகவே முதலில் மண்ணை விசாரித்தாக வேண்டும்.

கீழடி எலும்புகளுக்கும் இது பொருந்தும். அங்கே கிடைத்த 70 மாதிரிகள் புனே தக்காணக் கல்லூரியில் ஆராயப்பட்டு, மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் முதலியவை அடையாளம் காணப்பட்டதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. எலும்பைக் குப்பையென ஒதுக்காமல் நிபுணரிடம் அனுப்பியது பாராட்டத்தக்கது. ஆனால் இச்சிறு தொகையிலிருந்து விழுக்காடு கணக்கிட்டு, ஓர் ஊரின் உணவுப் பழக்கம் முழுவதையும் முடிவு கட்டுவது அவசரம்.

மாணவர்களே! முன்னோர் எதை உண்டனர் என்பது இன்று வெறும் ஆராய்ச்சிக் கேள்வியாக நிற்பதில்லை. ஒருவரை உயர்த்தவும் மற்றவரை இழிக்கவும் அது பயன்படுத்தப்படுகிறது. ஆகவே எலும்பைப் பற்றிய செய்தியை அடுத்த முறை படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எந்த மண்ணடுக்கில் கிடைத்தது? சல்லடை பயன்பட்டதா? யாருடைய குப்பை? மொத்தம் எத்தனை? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு முடிவுக்கு வரலாம்.